கல் இல்லாத ஊரிலிருந்து

லைடன், நெதர்லாந்து,
கார்த்திகை 18

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். இங்கே காலையில் பாணுக்கு வெண்ணெய் பூசி, மேலே சொக்லேட் துகள் தூவிச் சாப்பிடுகிறார்கள், வயதான ஆக்களும்கூட. எனக்கு இரண்டு நாளில் அலுத்துவிட்டது. சுரினாம்காரர் கடையில் செத்தல் மிளகாயும் உறைந்த தேங்காய்ப்பூவும் வாங்கிச் சம்பல் போட்டேன். அம்மா பார்த்தால் சிரிப்பா.

போனில், "கல்லே இல்லாத ஊரில் எப்படிப் பிள்ளை கோட்டை கட்டினாங்கள்?" என்று கேட்டீர்களே, அதைப் பார்க்கத்தான் போன ஞாயிறு நார்டன் என்ற பழைய கோட்டை ஊருக்குப் போனேன். 1673இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து மீட்ட பிறகு திருத்திக் கட்டிய ஊர். மேலிருந்து பார்த்தால் நட்சத்திரம் மாதிரி ஆறு கொத்தளம், சுற்றி இரட்டை அகழி. மதில் என்று நான் எதிர்பார்த்தது பெரிய மண்மேடு. முகப்புக்கு மட்டும் செங்கல், மேலே புல். பீரங்கிக் குண்டு கல்லில் பட்டால் சிதறும், மண்ணில் புதைந்துபோகும். ஆனபடியால் மண்ணும் தண்ணீருமே இவர்களுக்குக் கோட்டை. இதே ஒல்லாந்தர் 1639இல் போர்த்துக்கீசரிடமிருந்து திருகோணமலைக் கோட்டையைப் பிடித்தபோது மூன்று பக்கமும் கடலும் பாறையும் சும்மா கிடைத்தன. கரைப் பக்கக் கழுத்தை மறித்து ஒரு மதில் இருந்தால் போதும். அந்த மகிழ்ச்சியை என்னால் ஊகிக்க முடிகிறது!

வாரத்தில் மூன்று நாள் ரயிலேறி ஹேக்கிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகிறேன். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கடுதாசிகளை அடுக்கினால் ஒரு கிலோமீற்றருக்கு மேல் போகும். பேனை கொண்டுபோக விடமாட்டார்கள், பென்சில்தான்.

அங்கே ஒரு மடைத்தனம் செய்துவிட்டேன், கேளுங்கள். திருகோணமலைக் கோட்டை வரைபடமொன்றில் அளவு எல்லாம் 'ரூடே' என்ற கோலில் இருந்தது. நான் ஆம்ஸ்டர்டாம் கோல் என்று எடுத்து, 3.68 மீற்றர் என்று பெருக்கிக்கொண்டே போனேன். பட்டப்படிப்புக்காக நானும் நீங்களும் அந்தக் கோட்டையை டேப் பிடித்து அளந்தோமே, அந்தக் கணக்கோடு ஒன்றும் ஒட்டவில்லை. நூறு மீற்றருக்கு இரண்டு மீற்றருக்கு மேல் குறைந்தது. வெயிலில் டேப் தளர்ந்திருக்கும் என்று உங்கள்மீது பழியைப் போட்டுவிட்டு இரண்டு கிழமை சும்மா இருந்தேன். அப்புறம்தான் விளங்கியது, அது ரைன்லாந்து கோல், 3.77 மீற்றர். உங்கள் டேப் சரி. மன்னிக்கவும் அப்பா.

ஆனால் எந்த வரைபடத்திலும் கல் எங்கிருந்து வந்தது என்று ஒரு சொல் இல்லை. 1622இல் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லால் போர்த்துக்கீசர் கோட்டை எழுப்பியது ஊர் முழுக்கத் தெரியும்; பொறியியலாளன் நீளம், உயரம், பீரங்கி மேடு மட்டும் வரைந்துவிட்டுப் போய்விட்டான். சின்ன வயதில் கோட்டை வாசல் நிலைக்கல்லை விரல்முட்டியால் தட்டிவிட்டு, "இது கோயில் வேலை. கோட்டை கட்டுறவன் இவ்வளவு வழுவழுப்பாக்க மாட்டான்" என்றீர்கள். மேசன் வேலைக்காரன் கண் அது. பேராசிரியரிடம் இதைச் சொன்னபோது அவர் குறிப்பெடுத்துக்கொண்டார். உங்கள் பேரைச் சொல்லித்தான் எழுதவேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது ஒரு வேலை. இணைக்கயல் என்ற சோடி மீன் சின்னமும் "முன்னே குளக்கோட்டன்" என்று தொடங்கும் எழுத்தும் உள்ள அந்த வாசல் கல்லை எனக்குப் படமெடுத்து அனுப்பவேண்டும். குளக்கோட்டன் அரசன் செய்த கோயில் திருப்பணியைப் பறங்கி வந்து குலைப்பான் என்று சொல்லும் எழுத்தைப் பறங்கி கட்டிய கோட்டையின் வாசலிலேயே பார்க்கக் கிடைப்பது எனக்கு இன்னும் நம்பமுடியாத விஷயம். நேர்வெயிலில் எடுத்தால் எழுத்துத் தெரியாது. வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழவேண்டும், அப்போதுதான் வெட்டுக்குள் நிழல் நிற்கும். காலையா மாலையா என்று இரண்டு நாள் போய்ப் பாருங்கள். பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்தும் ஒரு படம். உள்ளே ஆமி நிற்பதால் முதலில் கேட்டுவிட்டு எடுங்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். பையில் வாழைப்பழம் வைக்கவேண்டாம், மான்கள் விடாது.

அன்புடன்,
உங்கள் மகள்