ஒவ்வொரு கோரிக்கைக்கும் உரிய கதவைத் தட்டுங்கள்: சீர்திருத்தம் நாடிக் கூடும் கத்தோலிக்கருக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவில் அன்புக்குரியவர்களே,

யாரையும் வாசலில் நிறுத்தாத திருஅவை வேண்டும் என்றுதான் நீங்கள் கூடுகிறீர்கள். எங்கள் ஏக்கமும் அதுதான். ஆனால் இத்தகைய கூட்டங்களின் இறுதி அறிக்கை ஓர் இடத்தில் இடறிவிடுகிறது. பெண்களுக்குக் குருத்துவம், பங்கின் (ஓர் ஆலயத்தைச் சேர்ந்த சமூகத்தின்) வரவு செலவுக் கணக்கு, மறுமணம் செய்தோருக்கு நற்கருணை, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் எல்லாம் ஒரே தாளில் ஏறி ஆயரிடம் போகின்றன. முதல் வரியைப் பார்த்ததும் "இது என் அதிகாரத்தில் இல்லை" என்கிறார், அது உண்மையும்கூட. அந்த ஒரே பதிலில், அவர் உடனே செய்யக்கூடியவையும் அடிபட்டுப் போகின்றன.

எனவே வாக்கெடுப்புக்கு முன்பே ஒவ்வொரு கோரிக்கைக்கும் எதிரே, இதைத் தரக்கூடியவர் பங்குத்தந்தையா, ஆயரா, உரோமையா என்று குறித்துவிடுங்கள்.

பங்கிலேயே முடியக்கூடியவை நாம் நினைப்பதைவிட அதிகம். ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆகவேண்டும் என்கிறது திருஅவைச் சட்டம் 537. மக்கள் தந்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்குக் காட்டவேண்டும் என்கிறது 1287. இவற்றைச் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை. கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் ஒவ்வாத சிலியாக் நோயுள்ளவர்களையும் எண்ணிப் பாருங்கள். குளூட்டன் அறவே இல்லாத அப்பம் திருப்பலிக்குச் செல்லாது. குளூட்டன் குறைந்த அப்பத்துக்கு ஆயரின் அனுமதி வேண்டும். அதுவும் ஒவ்வாதவர், 925-ஆம் சட்டப்படி, திராட்சை இரசத்தின் வடிவில் மட்டும் நற்கருணை வாங்கலாம். இங்கே தவறு நடப்பது கிண்ணத்தில். குருவானவர் அப்பத்தின் ஒரு துண்டைத் தம் கிண்ணத்தில் இடுவதால் அந்தக் கிண்ணம் இவர்களுக்கு உதவாது. தனிக் கிண்ணம் ஒன்றைத் தொடக்கத்திலேயே பீடத்தில் வைத்து, வேறு யாரும் பருகுமுன் அவரிடம் தரவேண்டும். ஒரு கிண்ணம் கூடுதலாக வைக்காததால் ஒருவர் ஆண்டுக்கணக்கில் திருவிருந்துக்கு வெளியே நிற்பது எங்களுக்குப் பெரும் வேதனை.

ஒருபாலீர்ப்புள்ள இணையருக்கான எளிய ஆசீரும் இங்கேயே அடங்கும். 2023 டிசம்பர் 18 அன்று வெளியான உரோமை அறிக்கை, வழிபாட்டுச் சடங்கு எதுவுமின்றி குருக்கள் அதை வழங்கலாம் என்றது. திருமணத்தைப்போல் தோன்றும் உடையோ நிகழ்வோ சேர்ந்தால் அந்த வழி அடைபடும்.

அடுத்தது ஆயரின் கதவு. பங்குத்தந்தைக்குத் துணைநிற்கும் மேய்ப்புப்பணிப் பேரவையைப் பங்குகளில் கட்டாயமாக்குவது 536-ஆம் சட்டப்படி அவர் முடிவு. 2024 அக்டோபரில் உரோமையில் முடிந்த ஆயர் மாமன்றத்தின் (உலக ஆயர்களின் பிரதிநிதிகள் கூடும் அவையின்) இறுதி ஆவணமும் அதைக் கட்டாயமாக்கக் கேட்டது. பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே உண்டு. ஆகவே ஆலோசனை ஏற்கப்படாதபோது காரணத்தைக் குறிப்பேட்டில் எழுதும் விதியையும் சேர்த்துக் கேளுங்கள். 2021 ஜனவரியிலிருந்து வாசகர் (மறைநூல் வாசிப்பவர்), பீடத்துணைவர் (பீடத்தில் குருவுக்கு உதவுபவர்) பணிகளைப் பெண்களும் நிலையாகப் பெறலாம். ஞாயிறுதோறும் வாசிக்கிறார்களே என்று இதை விட்டுவிடாதீர்கள். அது தற்காலிக அனுமதி, இது சடங்கோடு வழங்கப்படும் பணி. திருமணம் செல்லாது எனும் வழக்குகளில் முதல் தீர்ப்பை உறுதிசெய்ய மேல் தீர்ப்பாயத்தின் இரண்டாவது ஒத்த தீர்ப்பு தேவை என்ற விதியை 2015-இல் நீக்கிவிட்டார்கள். உங்கள் மறைமாவட்டத் தீர்ப்பாயத்தில் வழக்கு எவ்வளவு காலம் இழுக்கிறது, என்ன கட்டணம் என்று எழுத்தில் கேளுங்கள்.

உரோமையின் கதவில் இருப்பவை கடினமானவை. திருநிலைப்பாடு (திருத்தொண்டர், குரு, ஆயர் நிலைகளுக்கு உயர்த்தும் சடங்கு) ஆண்களுக்கே என்பது 1024-ஆம் சட்டம். பெண் திருத்தொண்டர் (குருவுக்கு முந்தைய நிலை) பற்றிய கேள்வி திறந்தே இருக்கிறது என்றது 2024 ஆவணத்தின் 60-ஆம் பத்தி. அதற்கு ஆதரவாக 258 வாக்குகள், எதிராக 97. பத்திக்குப் பத்தி வாக்கெடுத்து இரண்டு எண்களையும் வெளியிட்டார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். "ஒருமனதாக" என்ற சொல்லைவிட எதிர்ப்பையும் காட்டும் எண் நம்பப்படும்.

கலந்துரையாடலுக்கு ஒரு மேசைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் போதும். முதல் சுற்றில் ஆளுக்கு மூன்று நிமிடம், குறுக்கீடு கிடையாது. இரண்டாம் சுற்றில் பிறர் சொன்னதில் தம்மைத் தொட்டதை மட்டும் சொல்லவேண்டும். மூன்றாவதில்தான் விவாதம். சுற்றுகளுக்கு இடையே நான்கு நிமிட மௌனம். நேரம் போதவில்லை என்று முதலில் வெட்டப்படுவது இந்த மௌனம்தான். அதை வெட்டினால் உரக்கப் பேசுவோர் மட்டுமே மிஞ்சுவார்கள். எழுதுபவர் தம் குறிப்பை மேசை கலையுமுன் வாசித்துக் காட்டட்டும்.

கூட்டம் நடத்த 215-ஆம் சட்டமும், கருத்தை ஆயர்களிடம் சொல்ல 212-ஆம் சட்டமும் உரிமை தருகின்றன. ஆனால் அமைப்பின் பெயரில் 'கத்தோலிக்க' என்று வைக்க 300-ஆம் சட்டப்படி அதிகாரியின் இசைவு வேண்டும். இதைக் கவனிக்காமல் பதாகை அடித்துவிட்டால் பேச்செல்லாம் பெயரைப் பற்றியே நடக்கும்.

மனுக்களை மூன்று கதவுகளுக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். ஆணை கேட்கும் மனுவுக்கு 57-ஆம் சட்டப்படி மூன்று மாதத்துக்குள் பதில் வரவேண்டும். வராவிட்டால் மறுப்பாகக் கருதி மேல்முறையீடு செய்யலாம். அந்த மூன்று மாதம் மனு பெறப்பட்ட நாளிலிருந்து எண்ணப்படுவதால், தேதியிட்ட ஒப்புகையை வாங்கிய பிறகே ஆயர் இல்லத்தை விட்டு வாருங்கள்.

அன்புடனும் செபத்துடனும்,
பொதுநிலையினர் சிலர்