பிழைக்க வந்தவனா அகதியா, கேக்காம எப்படிச் சொல்லுறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் உங்க பேப்பர்ல ஒரு வாசகர் எழுதியிருந்தாரு, இலங்கையில சண்டை 2009லயே முடிஞ்சு போச்சு, இனி தோணியில வாறவங்க யாரும் அகதி கிடையாது, எல்லாரும் பிழைக்க வாறவங்கதான், அப்படியே திருப்பி அனுப்பணும்னு. அதப் படிச்சதுல இருந்து எனக்கு மனசு ஆறல, அதான் எழுதுறேன்.

நான் குலசேகரம் பக்கம். பதினாலு வருஷம் சவுதியில ஏசி மெக்கானிக்கா இருந்துட்டு வந்தவன். என்னைய யாரும் துப்பாக்கி காட்டி விரட்டல, வீட்டுக் கடனும் தங்கச்சி கல்யாணமும்தான் அனுப்பி வச்சுது. அப்ப நானும் பிழைக்கப் போனவன்தான், அதுல எனக்கு ஒரு கொறச்சலும் இல்ல, நம்ம மாவட்டத்துல பாதி வீட்டுக்கு கான்கிரீட் போட்டதே கல்ஃப் காசுதான். ஆனா என் கையில பாஸ்போர்ட் இருந்துச்சு, ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க லீவுல வந்தேன், ஏர்போர்ட்ல இறங்குனா நம்மளப் பிடிச்சுட்டுப் போயிருவானோன்னு ஒரு நாளும் பயந்தது இல்ல. 2020ல கொரோனா நேரம் நம்ம மீனவங்க ஈரான்ல மாட்டிக்கிட்டு சாப்பாட்டுக்கே கஷ்டப்பட்டாங்க, அப்ப நம்ம கடற்படை ஜலஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸ் வரைக்கும் போயி 687 பேரை தூத்துக்குடியில கொண்டு வந்து இறக்குச்சு. பிழைக்கப் போனவன் மாட்டிக்கிட்டா அவன் நாட்டுக்கு போன் போடலாம், அகதி யாருக்குப் போன் போடுவான், அவன் பயந்து ஓடி வந்ததே அந்த நாட்டைப் பாத்துதானே. ரெண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம்னா எனக்குத் தெரிஞ்சு இதுதான்.

1951ல போட்ட அகதிகள் ஒப்பந்தமும் கிட்டத்தட்ட இதத்தான் சொல்லுது. இனம், மதம், நாட்டுரிமை, ஒரு சமூகப் பிரிவுல இருக்குறது, அரசியல் கருத்து, இந்த அஞ்சுல ஒண்ணுக்காக தன்னையக் கொடுமைப்படுத்துவாங்கன்னு நியாயமான பயம் இருக்கணும். பசிங்கிறது அந்த அஞ்சுல இல்ல, அத நான் ஒத்துக்கிடுறேன். புகலிடம் கேக்குறவர்னா அதுக்கும் முந்தின நிலை, அவரு கேட்டிருக்காரு, இன்னும் பதில் சொல்லல, அவ்வளவுதான். பதில் சொல்லுறதுக்கு முன்னாடியே நீ பிழைக்க வந்தவன்னு நாம எப்படி முடிவு கட்டுறது?

2022 மார்ச்சுல இலங்கையில இருந்து தனுஷ்கோடி பக்கம் முதல்ல வந்து இறங்குன 16 பேரை எடுத்துக்குங்க. இலங்கையில பால் பவுடருக்கும் பெட்ரோலுக்கும் ஜனங்க கியூவுல நின்ன நேரம், அரிசி வாங்க வழியில்லன்னு கைக்குழந்தையோட வந்தாங்க. இங்க முதல்ல கேஸ் போட்டாங்க, அப்புறந்தான் ராமேஸ்வரம் பக்கத்துல உள்ள மண்டபம் அகதி கேம்புல தங்க வச்சாங்க. அந்த வருஷம் வந்தவங்கள்ல சில பேரு ஏற்கெனவே சண்டைக் காலத்துல இங்க அகதியா இருந்துட்டு திரும்பிப் போனவங்கன்னு அப்பவே செய்தி வந்துச்சு. சமாதானம் ஆச்சுன்னு நம்பித்தான் போயிருக்காங்க, ஆனா அந்தப் பக்கம் எத்தனையோ பேரு நிலம் ஆர்மி கையில இருந்துச்சு, வீடும் தொழிலும் போனவனுக்கு வெலவாசி ஏறுனா முதல் அடி அவனுக்குத்தான். இதுல பசி எவ்வளவு, பயம் எவ்வளவுன்னு கடற்கரையில நின்னுக்கிட்டு யாரால சொல்ல முடியும்? ஒவ்வொருத்தரையும் உக்கார வச்சு கேக்கணும், திருப்பி அனுப்புனா உனக்கு என்ன ஆகும்னு கேக்கணும். கேட்டதுக்கு அப்புறம் ஒருத்தரு வெறும் வேலைக்குத்தான் வந்திருக்காருன்னு தெரிஞ்சா மரியாதையா அனுப்பி வைக்கட்டும், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா கேக்குறதுக்கே நம்ம நாட்டுல சட்டம் இல்லியே. 1951 ஒப்பந்தத்துல இந்தியா கையெழுத்துப் போடல, சொந்தமாவும் ஒரு அகதிச் சட்டம் கொண்டு வரல.

இன்னொண்ணு, பிழைக்கப் போனவன் எப்பவும் பிழைக்கப் போனவனாவே இருக்க மாட்டான். எங்க ஊருக்கு மேல கீரிப்பாறை, மணலோடைன்னு அரசு ரப்பர் தோட்டங்கள்ல பால் வெட்டுற சிலோன்காரங்களப் பாருங்க. இவங்க பாட்டன் பூட்டன் வெள்ளைக்காரன் காலத்துல தேயிலைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனவங்க, சுத்தமா பிழைப்புக்குத்தான் போனாங்க. 1948ல இலங்கை ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டு லட்சக்கணக்குல அவங்கள நாடு இல்லாதவங்களா ஆக்கிட்டு. 1964ல இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம்ம பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு இவ்வளவு பேரு உனக்கு இவ்வளவு பேரு எனக்குன்னு பங்கு வச்சாங்க, 5,25,000 பேரை இந்தியா எடுக்கணும்னு முடிவு. அந்த ஜனங்ககிட்ட நீ எங்க போறன்னு ஒருத்தனும் கேக்கல. தாயகம் திரும்பினவங்கன்னு பேரு மட்டும் குடுத்தாங்க, அந்தத் தாயகத்தை கண்ணால கூட பாக்காதவங்கதான் அதுல நிறைய.

இப்ப நம்ம மாவட்டத்துல பழவிளை, பெருமாள்புரம், கோழிவிளைன்னு இலங்கை அகதிகள் கேம்ப் இருக்கு, 2021ல இருந்து மறுவாழ்வு முகாம்னு பேரு மாத்தியாச்சு. போன வருஷம் என் வீட்டுக்கு பெயின்ட் அடிக்க ஒரு கேம்ப் தம்பி வந்தான். அப்பா 90ல வந்தவரு, இவன் பொறந்தது இங்கதான், பேச்செல்லாம் நம்ம ஊருப் பேச்சு. அண்ணே நீங்க சவுதியில இருந்தீங்களாமே, பெயின்டருக்கு எவ்வளவு குடுப்பான்னு கேட்டான். நானும் சொல்லிக்கிட்டே வந்தேன், அப்புறந்தான் உறைச்சுது, இவனுக்குப் பாஸ்போர்ட்டே கிடையாதேன்னு. 1987 ஜூலைக்கு முன்னாடி இந்தியாவுல பொறந்திருந்தா பொறப்பாலயே குடியுரிமை உண்டு, மண்டபம் கேம்புல 1986ல பொறந்த ஒரு பெண் அதை வச்சு கோர்ட்டுக்குப் போயி பாஸ்போர்ட் வாங்கி 2024 எலெக்‌ஷன்ல ஓட்டும் போட்டாங்க. இவன் பிந்திப் பொறந்துட்டான். 2019ல வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்துலயும் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் மட்டுந்தான், இலங்கை இல்ல. உங்க வாசகர் இவனை பிழைக்க வந்தவன்னு சொல்லுறாரு, நான் போன மாதிரி பிழைக்கப் போறதுக்குக் கூட இவனுக்கு வழி இல்ல.

2025 செப்டம்பர்ல மத்திய அரசு ஒரு உத்தரவு போட்டுச்சு, 2015 ஜனவரி 9 வரைக்கும் இங்க வந்து பதிவு பண்ணுன இலங்கைத் தமிழர்கள் மேல பாஸ்போர்ட் விசா இல்லன்னு தண்டனை நடவடிக்கை கிடையாதுன்னு. அது நல்ல காரியந்தான். ஆனா குடியுரிமை பத்தி அதுல பேச்சே இல்ல, 2022ல வந்தவங்களும் அந்தத் தேதிக்கு வெளியதான் நிக்கிறாங்க. நம்ம எம்பிமாரு இந்த ரெண்டையும் பாராளுமன்றத்துல கேக்கணும், வாறவங்கள நேர்ல விசாரிச்சு முடிவு சொல்லுறதுக்கும் முடிவு தப்புன்னா அப்பீல் போறதுக்கும் ஒரு சட்டம் கேக்கணும். உங்க நிருபர் ஒருத்தரை இந்த கேம்புகளுக்கு அனுப்பி அவங்க சொல்லுறதையும் போடுங்க, அந்த வாசகர் கடிதம் வந்த அதே பக்கத்துல.

இப்படிக்கு,
உங்க பேப்பரை ரொம்ப வருஷமா வாசிக்கிற ஒருத்தர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்