தரங்கம்பாடியின் பழைய மதில் நகரைப் பாதுகாக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ராஜவீதி மற்றும் சுற்றுத் தெருக்களில் குடியிருப்போர்,
தரங்கம்பாடி பேரூராட்சி.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மயிலாடுதுறை மாவட்டம்.

பொருள்: தரங்கம்பாடியில் பழைய மதிலுக்குள் அடங்கிய பகுதியை அளந்து, எல்லை குறித்துப் பாதுகாக்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். தஞ்சை ரகுநாத நாயக்கருடன் 1620இல் செய்துகொண்ட உடன்படிக்கையின் பேரில் எழுந்த டேனிஷ் கோட்டை, மாநிலத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. எங்கள் கவலை அதற்கு வெளியே உள்ள ஊரைப் பற்றியது.

இந்த ஊருக்கு மதில் வந்ததே போரினால்தான். 1655 முதல் 1669 வரை டென்மார்க்கிலிருந்து உதவி ஏதும் வராமல், எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பக்கே என்ற டேனியர் உள்ளூர் மக்களின் துணையோடு கோட்டையைக் காத்து நின்றார். தஞ்சைப் படைகள் திரும்பத் திரும்பத் தாக்கிய அந்த ஆண்டுகளில்தான் ஊரைச் சுற்றி அரண் எழுப்பப்பட்டது. ஐரோப்பாவில் டென்மார்க்கும் பிரிட்டனும் மோதிக்கொண்டபோது, 1801இலும் மீண்டும் 1808இலும் ஆங்கிலேயர் ஊரைக் கைப்பற்றினர்; இரண்டாம் முறை 1815 வரை திருப்பித் தரவில்லை. 1845இல் தரங்கம்பாடியும் வங்காளத்திலிருந்த டேனிஷ் குடியிருப்பான செராம்பூரும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்கப்பட்ட பின் துறைமுக வணிகம் நலிந்தது. அந்த நலிவு எங்கள் முன்னோருக்குப் பெரும் துன்பம். ஆனால் தெருக்களின் பழைய அமைப்பு பெரிதும் மாறாமல் எங்கள் காலம் வரை வந்து சேர்ந்ததற்கும் அதுவே காரணம்.

1792இல் கட்டிய நகர வாயில், 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம், ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்க் நடந்த தெருக்கள் ஆகியவற்றைப் பலரும் அறிவர். ஆனால் சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய பழைய வீடுகளில் சில ஓசையின்றி மறைந்துகொண்டிருக்கின்றன. எங்கள் தெருவிலேயே தூண் வைத்த திண்ணை ஒன்று ஒரே வாரத்தில் இடிக்கப்பட்டு, அதன் செங்கல் வண்டியில் ஏறிப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வீட்டுக்காரரைக் குறைகூற மாட்டோம். ஒழுகும் கூரையைப் பழைய முறையில் சரிசெய்ய அவருக்குக் கொத்தனாரும் கிடைக்கவில்லை, பணமும் போதவில்லை.

ஆகவே, முதலாவதாக, வருவாய்த் துறை நில அளவையரும் தொல்லியல் துறையினரும் சேர்ந்து மதில் சென்ற தடத்தை அளந்து, எஞ்சிய பகுதிகளை நில ஆவணங்களில் பதிவு செய்ய உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம். எல்லை எதுவென்று தெரியாத வரையில் எந்த விதியையும் நடைமுறைப்படுத்த இயலாது. அந்த எல்லைக்குள் இடிக்கவோ மாடி எழுப்பவோ அனுமதி வழங்கும் முன் தொல்லியல் துறையின் கருத்தைப் பெற வேண்டும். அதே வேளையில், குடியிருப்போருக்குச் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரும் பழுதுபார்க்க நிதியுதவியும் கிடைக்கச் செய்யாமல் கட்டுப்பாட்டை மட்டும் விதித்தால், அந்தச் சுமை முழுவதும் ஏழைகள் தலையில்தான் விழும். நகர வாயில் வழியாகக் கனரக வாகனங்கள் செல்வதையும் தடைசெய்ய வேண்டுகிறோம்.

இதில் காலதாமதம் கூடாது என்பதற்கு மாசிலாமணிநாதர் கோயிலே சாட்சி. 1306இல் எழுந்த அக்கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் தாங்கள் ஒருமுறை நேரில் வந்து பார்வையிட வேண்டும். மதில் எங்கெங்கே சென்றது என்பதை நடந்து காட்ட எங்கள் தெருப் பெரியவர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தரங்கம்பாடி குடியிருப்போர்