வெளிமாநிலத் தொழிலாளர் இல்லம்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள பங்கு மக்களுக்கு,

கோயிலுக்குப் பின்னால் பல வருடம் பூட்டிக் கிடந்த பழைய மறைக்கல்விக் கூடம், திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் வெளிமாநிலக் குடும்பங்களுக்கான இல்லமாக மந்திரித்துத் திறக்கப்பட்டுவிட்டது. பங்குப் பேரவை ஒப்புக்கொண்ட மதிப்பீடு 18,40,000 ரூபாய். முடிந்த செலவு 23,15,000. கூடுதலாகப் போன 4,75,000 பற்றித்தான் பூசை முடிந்து வாசலில் நின்று பலரும் பேசுகிறீர்கள். அதனால் முதலில் அதையே எழுதுகிறேன்.

ஓடு மாற்றியது, ஒயரிங், டைல்ஸ், பெயின்ட் எல்லாம் மதிப்பீட்டுக்குள் முடிந்தன. செப்டிக் டேங்க்கில்தான் சிக்கல் வந்தது.

பத்தடி ஆழம் என்று ஒப்பந்தம். நாலடியில் பாறை. நம் பகுதி மண்ணைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. அப்படியிருந்தும் பாறை வந்தால் யார் செலவு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதாமல் விட்டோம். அது குழுவின் தவறு, ஒப்புக்கொள்கிறோம். ஒப்பந்தக்காரர் ஐந்தடியோடு நிறுத்தி மூடிவிடலாம் என்றார். “இவங்களுக்கு இது போதும் சார்” என்று அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. பகலில் முப்பது பிள்ளைகள், இரவில் ஆறு குடும்பங்கள் புழங்கப்போகும் இடம் அது. அவர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் பத்துப் பன்னிரண்டு குடும்பத்துக்கு ஒரே கக்கூஸ், விடிவதற்கு முன் பெண்கள் பக்கெட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். 2020 ஊரடங்கில் நம் வின்சென்ட் தே பவுல் சபையினர் அரிசிப் பையோடு அந்த வீடுகளுக்குப் போனபோது பார்த்துவிட்டு வந்து சொன்னதில்தான் இந்தத் திருப்பணியே தொடங்கியது. ஐந்தடிக்கு எப்படிச் சம்மதிப்போம்?

அவர் வேலையை நிறுத்தினார். நாற்பது நாள் ஆள் வரவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை இரவு, அடுக்கி வைத்திருந்த ஜாக்கிகளையும் சென்ட்ரிங் தகடுகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் ஐப்பசி மழை. குழியில் இடுப்பளவு தண்ணீர். பிள்ளைகள் யாரும் பக்கத்தில் போய்விடக் கூடாதே என்று சுற்றிலும் கயிறு கட்டி, மறைக்கல்வி நேரம் முழுக்க ஒருவர் மாற்றி ஒருவர் காவல் நின்றோம். அந்த வாரங்களில் எனக்குச் சரியான தூக்கமில்லை.

அந்த ஒப்பந்தக்காரர் பொருளாளருக்குச் சொந்தம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. சொந்தமில்லை. மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கிக் குறைந்த தொகை கேட்டவருக்குக் கொடுத்தோம். மூன்றும் கோப்பில் உள்ளன. ஏன் கேஸ் போடவில்லை என்றும் கேட்கிறீர்கள். பங்குத்தந்தை முன்னிலையில் உட்கார்ந்து பேசினோம். தன் கடைசி பில் 38,000-ஐ அவர் விட்டார், முன்பணத்தில் நின்ற பாக்கியை நாம் விட்டோம். இரண்டும் ஏறக்குறைய ஈடுதான். கோர்ட்டுக்குப் போயிருந்தால் குழி இன்னும் குழியாகவே கிடந்திருக்கும்.

கம்ப்ரசர் வைத்துப் பாறை உடைத்தது 1,62,000. மீதி வேலையை எடுத்த இரண்டாம் ஒப்பந்தக்காரரின் விலை வித்தியாசம் 1,27,200. இரண்டு குளியலறையை நான்காக்கியது 85,000, இது பேரவையில் கேட்டுக்கொண்டே செய்தது. மிச்சம் 1,00,800 கூலி. அதிகக் கோபம் இதன்மேல்தான்.

நடந்தது இது. ஒப்பந்தக்காரர் போனது தெரிந்ததும், ஜார்கண்டின் சிம்டேகா, கும்லா பக்கத்தவர்களும் ஒடிசாவின் சுந்தர்கட் பக்கத்தவர்களுமாகப் பத்துப் பதினைந்து பேர் ஞாயிறு பூசை முடிந்து வந்தார்கள். உடைத்த பாறையை நாங்களே அள்ளிப் போடுகிறோம், சுவரும் எழுப்புகிறோம், கூலி வேண்டாம் என்றார்கள். குழு இரண்டு மணி நேரம் விவாதித்தது. “எங்க பாட்டன் இந்தக் கோயிலுக்கு மண் சுமந்தப்ப யார் கூலி கொடுத்தா?” என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் பாட்டன் யாரிடமும் அரிசிப் பை வாங்கும் நிலையில் இல்லை. உதவி வாங்கும் இடத்தில் நிற்பவர் வாய் திறந்து மாட்டேன் என்று சொல்ல முடியாது. இன்று பத்துப் பேர் மனமுவந்து வந்தால், அடுத்த ஞாயிறு வராதவர் பெயர் பேசப்படும். வாரம் ஆறு நாள் கைமடி, செக்கிங் என்று நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு இருப்பது அந்த ஒரு நாள்.

இன்னொன்றும் எங்கள் மனதில் இருந்தது. இந்த மக்களின் ஊர்களில் விசுவாசம் பரவிய கதை, கூலியில்லா வேலையை எதிர்த்த கதை. பெல்ஜியத்திலிருந்து வந்த இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ் 1885இல் இன்றைய ஜார்கண்டில் உள்ள சோட்டாநாக்பூரின் தோர்ப்பாவுக்குப் போனார். முண்டா, உராவ் மக்களை ஜமீன்தார்கள் கூலியில்லாமல் தங்கள் நிலத்தில் வேலை வாங்கினார்கள். பேத் பேகாரி என்று அதற்குப் பெயர். லீவன்ஸ் நிலச் சட்டத்தைப் படித்து, அந்த மக்களின் வழக்குகளுக்குத் துணை நின்றார். 1893இல் காசநோயால் இறந்தபோது வயது 37. இங்கே வந்தவர்கள் தர முன்வந்தது பேகாரி அல்ல, ஆண்டவருக்கான காணிக்கை என்று அவர்களே சொன்னார்கள். அதை மதிக்கிறோம். இருந்தாலும் அந்த மக்களின் உழைப்பைச் சும்மா வாங்கிக் கட்டிய இல்லம் என்று ஒருவரும் சொல்லக் கூடாது என்று முடிவெடுத்தோம். மொத்தம் 112 ஆள்கூலி, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 900. இந்தியிலும் ஒடியாவிலும் கையெழுத்துப் போட்ட மஸ்டர் நோட்டு, ஓரங்களில் செம்மண் விரல் தடத்தோடு, அலுவலகத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

வெளியூர்க்காரர்களுக்கு எதற்கு இவ்வளவு என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நம் பங்கிலேயே பாதிப் பேர் மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கமிருந்து பனியன் வேலைக்கு வந்து வேர்விட்டவர்கள்தான்.

கொடுத்தவர்களுக்கு நன்றி. பலர் பெயர் வேண்டாம் என்றதால் யார் பெயரையும் போடவில்லை. அந்தோணியார் அன்பியம், சகாய மாதா அன்பியம், ஆரோக்கிய அன்னை அன்பியம், சூசையப்பர் அன்பியம், மரியாயின் சேனையினர், இளைஞர் இயக்கம், பிரிண்டிங் பட்டறை நடத்தும் சகோதரர்கள் மூவர், கம்பியும் சிமெண்டும் அடக்க விலைக்குத் தந்த கடைக்காரர், அவர் நம் மதத்தவர் அல்லர், தண்ணீர்த் தொட்டி வாங்கித் தந்த ஓய்வுபெற்ற ஆசிரியை, தன் மகள் திருமணச் செலவில் குறைத்துக் கொடுத்த பவர்டேபிள் தையல் பட்டறை உரிமையாளர், ஜன்னல்கள் முழுவதையும் ஏற்ற டயர் கடைக் குடும்பம், தவக்கால உண்டியலில் 8,340 ரூபாய் சேர்த்த மறைக்கல்விப் பிள்ளைகள். மொத்த வரவு 21,75,000. பற்றாக்குறை 1,40,000-ஐ இரு குடும்பங்கள் வட்டியில்லாக் கடனாகத் தந்திருக்கின்றன.

பிள்ளைகள் பகுதி நடக்கத் தொடங்கிவிட்டது. போன வாரம் உராவ் சிறுமி ஒருத்தி பல் ஆடுகிறதென்று அழுதுகொண்டு வந்தாள். என்னம்மா என்று ஆயா கேட்க, வாயைத் திறந்து, “பல்” என்றாள். அதற்குள் தமிழ் கற்றுக்கொண்டாளே என்று ஆயா பூரித்துப்போனார். அது அவள் தாய்மொழியான குடுக். நம் மொழிக் குடும்பம்தான். கண்ணுக்கு அவர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட நம் சொல்தான். அன்று முழுக்க ஆயா அவளை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜன்னல்களுக்குக் கொசுவலை இன்னும் அடிக்கவில்லை. மாடிப்படிக்குக் கைப்பிடி பாக்கி. வவுச்சர்கள் எல்லாம் அடுத்த இரண்டு ஞாயிறும் இரண்டாம் பூசைக்குப் பின் அலுவலக மேசைமேல் இருக்கும், நானும் பொருளாளரும் பக்கத்தில் இருப்போம். கேள்வி இருப்பவர்கள் வாசலில் நிற்காமல் உள்ளே வாருங்கள்.

செயலர், திருப்பணிக் குழு