'பார்த்து வாங்குங்கள்' என்றால் எதைப் பார்ப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

முதல் முறையாக நாய் வளர்ப்பவர்களுக்காகச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தடுப்பூசி, தீனி, பழக்கும் விதம் எல்லாம் பொறுமையாகச் சொல்லியிருந்தீர்கள். ஒரு வரி மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. குட்டியின் தாயும் தந்தையும் ஆரோக்கியமாக இருக்கின்றனவா என்று பார்த்து வாங்கச் சொல்லியிருந்தீர்கள். எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்று அங்கே இல்லை. கண்ணால் பார்த்து ஏமாந்தவள் நான். என்னை நம்பி ஏழு குடும்பங்களும் ஏமாந்தன.

எங்கள் ராணி ஒரு லாப்ரடார். பந்தை வீசக் கை ஓங்கும்போதே ஓடத் தொடங்கிவிடுவாள். மூன்று வயதில் அவளை நல்ல கடுவன் ஒன்றோடு இணை சேர்த்தோம். அதற்கு முன் மருத்துவரிடமும் காட்டினேன். இதயம், பல், ரத்தம் எல்லாம் பார்த்துவிட்டு "நல்லா இருக்கா" என்றார். இடுப்புக்கும் முழங்கைக்கும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. ஏழு குட்டிகள் போட்டாள்.

அதில் ஒன்றை என் தோழி எடுத்துக்கொண்டாள். ஜிம்மி என்று பெயர் வைத்தாள். அவனுக்கு எட்டு மாதம் ஆனபோது அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டினான், ஆனால் எழவில்லை. கூப்பிட்டதும் முன்னங்கால்களை ஊன்றி, பின்பக்கம் தரையிலேயே இருக்க அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். அப்புறம்தான் ஒரு உந்து உந்தி எழுந்தான். படியேறும்போது இரண்டு பின்னங்கால்களையும் சேர்த்து முயல் மாதிரித் தாவினான். குட்டிச் சேட்டை என்று தோழி சிரித்தாள். ஒவ்வொரு காலாக வைத்தால் வலிக்கும் என்றுதான் அவன் அப்படித் தாவினான் என்பது எக்ஸ்ரே படம் எடுத்த பிறகுதான் தெரிந்தது.

வேறொரு மருத்துவர் அந்தப் படத்தை விளக்குப் பலகையில் மாட்டி, பென்சில் நுனியால் தொட்டுக் காட்டினார். தொடை எலும்பின் தலை பந்து போல உருண்டிருக்க வேண்டும்; இடுப்பெலும்பில் உள்ள கிண்ணத்துக்குள் அது நன்றாக இறங்கி உட்கார வேண்டும். "இது கிண்ணம் இல்லம்மா, தட்டு" என்றார். தட்டில் வைத்த பந்து ஓரிடத்தில் நிற்குமா? நடக்க நடக்க அசைகிறது, அசைய அசையக் குருத்தெலும்பு தேய்கிறது. மூட்டை எப்படியாவது பிடித்து நிறுத்த உடம்பு ஓரங்களில் புது எலும்பை வளர்க்கிறது. இடுப்பு மூட்டு டிஸ்பிளேசியா என்பது இதுதான்.

மறுவாரம் ராணிக்கும் படம் எடுத்தேன். அவளுக்கும் இரண்டு பக்கமும் கிண்ணம் ஆழமில்லை. அன்று காலையில்கூடப் பந்துக்கு ஓடியவள். தசை இறுகிய, ஒல்லியான உடம்பு அவளுக்கு. அது மூட்டைத் தாங்கிப் பிடித்திருந்ததால் நொண்டவே இல்லை. நொண்டாத நாய்க்கு நல்ல மூட்டு என்று நான் நினைத்தது எவ்வளவு தப்பு என்று அன்றைக்குப் புரிந்தது.

மற்ற ஆறு வீடுகளுக்கும் நானே போன் போட்டுச் சொன்னேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான பேச்சு எதையும் நான் பேசியதில்லை. நான்கு வீட்டார் படம் எடுத்தார்கள். ஒரு குட்டிக்கு இடுப்பு, இன்னொன்றுக்கு முழங்கை.

முழங்கையைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். நாய் தன் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்களில்தான் தாங்குகிறது. முழங்கையில் மூன்று எலும்புகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். வளரும் காலத்தில் ஒன்று முந்தி ஒன்று பிந்தினாலோ, ஒட்ட வேண்டிய சிறு எலும்புத் துண்டு ஒட்டாமல் போனாலோ மூட்டு சின்ன வயதிலேயே கெடத் தொடங்கும். இரண்டு முழங்கையும் கெட்டிருந்தால் நொண்டல்கூடச் சரியாகத் தெரியாது. எந்தக் காலைத் தூக்கிக்கொண்டு நொண்டும்? அந்த வீட்டுக் குட்டி பாதத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி நடந்தது, அவ்வளவுதான்.

பரிசோதனை என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நாயை மல்லாக்கப் படுக்க வைத்து, பின்னங்கால்கள் இரண்டையும் ஒரே சீராக நீட்டி, முழங்காலைச் சற்று உள்ளே திருப்பி இடுப்புப் படம் எடுக்கிறார்கள். இடுப்பு லேசாகச் சாய்ந்தாலும் ஒரு பக்கக் கிண்ணம் உண்மையைவிட ஆழமாகவும், மறுபக்கம் ஆழம் குறைந்தும் தெரியும். அதனால் மயக்க மருந்து கொடுத்து எடுப்பதே வழக்கம். அதே மயக்கத்தில் முழங்கையை மடக்கி வைத்து அதற்கும் எடுத்துவிடலாம். நாய்க்கு மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) இருக்க வேண்டும், அதன் எண் படத்தோடு சேர வேண்டும். இல்லையென்றால் எந்த நாயின் படம் என்று யார் சொல்வது?

படத்தைத் தரம் பிரிக்க முறைகளும் உண்டு. அமெரிக்காவில் 1966-இல் தொடங்கிய ஓ.எஃப்.ஏ. அமைப்பில் மூன்று எக்ஸ்ரே நிபுணர்கள் தனித்தனியே பார்த்து, ஏழு படிகளில் ஒன்றைச் சொல்கிறார்கள். நாய்க்கு 24 மாதம் நிறைந்தால்தான் இறுதித் தரம். பிரிட்டனில் ஒரு வயதுக்குப் பிறகு, ஒவ்வொரு இடுப்புக்கும் 0 முதல் 53 வரை மதிப்பெண். இந்த முறையில் மதிப்பெண் குறைந்தால்தான் நல்லது. எஃப்.சி.ஐ. என்ற சர்வதேச நாய் அமைப்பின் முறையில் ஏ முதல் ஈ வரை ஐந்து படிகள். பென்ஹிப் என்ற முறை 16 வாரக் குட்டிக்கே மூட்டு எவ்வளவு தளர்வு என்று அளக்கிறது. முழங்கைக்குப் பல நாடுகளிலும் 0 முதல் 3 வரைதான். 0 என்றால் சுத்தம்.

இதைச் சொன்னால், தீனி சரியில்லை, தரை வழுக்குது, அதனால்தான் இப்படி ஆகுது என்று பதில் வருகிறது. பாதி உண்மைதான். 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மட்டும் தீனியை 25 சதவீதம் குறைத்து ஆயுள் முழுக்கக் கவனித்த ஓர் ஆய்வின் முடிவு 2002-இல் வந்தது. அளவாகத் தின்றவற்றுக்கு இடுப்பு மூட்டு வாதம் குறைவு, ஆயுளும் ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதல். ஆகவே குட்டியைக் குண்டாக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் தீனியைக் குட்டி வாங்குபவர் பார்த்துக்கொள்ளலாம். பல மரபணுக்கள் சேர்ந்து கொடுக்கும் மூட்டை அவரால் என்ன செய்ய முடியும்? அது இணை சேர்ப்பவர் கையில்தான் இருக்கிறது.

நல்ல தரம் வாங்கிய இரண்டு நாய்களுக்கும் சில சமயம் கெட்ட மூட்டுள்ள குட்டி பிறக்கும், மறுக்கவில்லை. அதனால்தான் பெற்றோர் மட்டும் போதாது, அவற்றின் கூடப்பிறந்தவை, முந்தைய ஈற்றுக் குட்டிகள் எல்லாவற்றின் முடிவும் வெளியே தெரிய வேண்டும் என்கிறேன். நல்ல படத்தை மட்டும் சான்றுக்கு அனுப்பி, கெட்ட படத்தை அலமாரியில் பூட்டி வைக்கும் பழக்கம்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அதே சமயம், தரம் கொஞ்சம் குறைந்த ஒவ்வொரு நாயையும் ஒதுக்கினால் இனமே குறுகி வேறு நோய்கள் வரும். ஓரளவு சரியானதை அதைவிட நல்ல மூட்டுள்ளதோடு சேர்க்கலாம். ராணி அளவுக்கு மோசமானதைச் சேர்க்கவே கூடாது. அவளுக்குக் கருத்தடை செய்துவிட்டேன்.

அடுத்த இதழிலாவது அந்த வரியை விரித்து எழுதுங்கள். தாய், தந்தை இரண்டுக்கும் இடுப்பு, முழங்கை இரண்டின் அறிக்கையையும் கேட்கச் சொல்லுங்கள். மைக்ரோசிப் எண்ணை ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். "டாக்டர் பார்த்துட்டார்" என்ற பேச்சை அறிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ராணியின் படமும் ஜிம்மியின் படமும் என்னிடம் இருக்கின்றன. தோழியும் சம்மதித்துவிட்டாள். பக்கத்துப் பக்கத்தில் வைத்து அச்சிடுவதாக இருந்தால் உடனே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி