கதிருக்கு: மலைக்கு எடுத்துப்போகும் அடுப்பு பற்றி

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள கதிருக்கு,

நீ அனுப்பிய மூன்று அடுப்புகளின் விவரத்தையும் பார்த்தேன். மூன்றிலும் எடையைத்தான் வட்டம் போட்டிருக்கிறாய்: 25 கிராம், 73 கிராம், 370 கிராம். போனில் சொன்னால் பாதி காதில் விழாது, மீதி மறந்துபோகும். அதனால் எழுதிவிடுகிறேன். அடுப்பின் எடையைக் கடைசியில் பார். முதலில் பார்க்க வேண்டியது, நீங்கள் போகிற உத்தரகாண்டில் என்ன எரிபொருள் கிடைக்கும், அக்டோபர் குளிரில் அது ஆவியாகுமா என்பதைத்தான். அடுத்தது பாத்திரமும் காற்றும். இவை சரியாக அமைந்துவிட்டால் ஐம்பது கிராம் கூடினாலும் குறைந்தாலும் தோளுக்குத் தெரியப்போவதில்லை.

புனேயிலிருந்து டேராடூனுக்கு விமானத்தில் போகிறீர்கள். கேஸ் டப்பாவைக் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, லக்கேஜிலும் போட முடியாது. டேராடூனில் இறங்கி, ட்ரெக்கிங் சாமான் விற்கிற கடையில்தான் வாங்க வேண்டும். தீப்பெட்டி, லைட்டரும் அங்கேயே. அடுப்பை மட்டும் புனேயிலிருந்தே எடுத்துப்போகலாம், அதுவும் புதிதாக, கேஸ் வாடை இல்லாமல் இருந்தால் நல்லது. ஆக, அங்கே கிடைக்கிற டப்பா உன் அடுப்பில் பொருந்துமா என்பதே முதல் கேள்வி.

டப்பா மூன்று வகை. குட்டையாக, அடி அகலமாக, தலையில் திருகு மரை உள்ளது ஒன்று. 100, 230, 450 கிராம் என்று வரும். மலைக்கு இதுதான். இரண்டாவது, கொசு மருந்து ஸ்பிரே டப்பா மாதிரி நீளமாக இருப்பது, பெட்டி அடுப்பில் படுக்கவைத்து மாட்டுவது. மூன்றாவது, மரையே இல்லாமல் குத்தித் திறப்பது. ஒருமுறை குத்திவிட்டால் தீரும்வரை அடுப்பிலிருந்து கழற்றக் கூடாது. இந்தக் கடைசி வகையைத் தொடவே தொடாதே.

நீள டப்பா விலை குறைவு, எங்கும் கிடைக்கும், ஒரு அடாப்டர் வாங்கினால் திருகு அடுப்பிலும் மாட்டலாம் என்று உன் சிநேகிதன் சொன்னதாக எழுதியிருந்தாய். மாட்டலாம்தான். ஆனால் அதில் பெரும்பாலும் சாதாரண பியூட்டேன்தான் இருக்கும். அது பூஜ்யம் டிகிரியை ஒட்டி ஆவியாவதையே நிறுத்திவிடும். டப்பா நிறைய திரவம் இருந்தும் அடுப்பில் சுடர் வராது. ஐசோபியூட்டேன் மைனஸ் 12 டிகிரி வரைக்கும், புரொப்பேன் மைனஸ் 42 வரைக்கும் ஆவியாகும். திருகு டப்பாவில் இந்த இரண்டும் கலந்திருப்பதால்தான் அது குளிரில் வேலை செய்கிறது. வாங்கும்போது கலவை என்னவென்று டப்பாவில் படித்துப் பார். பியூட்டேன் என்று மட்டும் இருந்தால் வேண்டாம்.

நம் ஊருக்கு அதே நீள டப்பாதான் சரி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்த பிறகு இங்கே கரண்ட் இல்லாமல் கிடந்தது உனக்கு நினைவிருக்கும். அந்த மாதிரி நாளில் பெட்டி அடுப்பும் நாலு நீள டப்பாவும் வீட்டில் இருந்தால் கவலையில்லை. இங்கே குளிர் ஒரு பிரச்சினையே இல்லை, வெயில்தான் பிரச்சினை. டப்பாக்களில் 50 டிகிரிக்கு மேல் சூடாக விடாதே என்று அச்சடித்திருக்கும். மே மாதம் வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு சாதாரணமாக வந்துவிடும்.

எவ்வளவு கேஸ் வேண்டும் என்று கேட்டாய். கணக்குப் போட்டே சொல்கிறேன். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற சுமார் 4.2 கிலோஜூல் வேண்டும். மலை ஊற்றுத் தண்ணீர் 5 டிகிரியில் இருக்கும். 3,500 மீட்டரில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஏனென்றால் 300 மீட்டர் ஏற ஏற கொதிநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி இறங்கும். ஆக 83 டிகிரி ஏற்ற வேண்டும், அதற்கு 350 கிலோஜூல். ஒரு கிராம் கேஸில் 46 கிலோஜூல் இருக்கிறது, அதில் பாதிதான் பாத்திரத்தில் சேரும் என்று வைத்துக்கொள். லிட்டருக்கு 15 கிராம் வருகிறது. இரண்டு பேருக்குக் காலையில் காபியும் அவலும், இரவில் சூப்பும் உப்புமாவும், குடிக்க வெந்நீரும் சேர்த்து ஒரு நாளைக்கு மூன்று லிட்டர், அதாவது 45 கிராம். காற்றுக்கும், சிறு தீயில் வைப்பதற்கும் சேர்த்து 60 என்று வை. ஐந்து நாளைக்கு 300 கிராம். 450 டப்பா ஒன்று வாங்குவதைவிட 230 டப்பா இரண்டு வாங்கு. ஒன்றில் கோளாறு என்றால் இன்னொன்று கைவசம் இருக்கும். எரியும்போது டப்பா குளிர்ந்து சுடர் இறங்கினாலும் மாற்றிக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கெல்லாம் காற்றடிக்காத இடத்துக்குத்தான். காற்றில் இது இரண்டு மடங்கு ஆனாலும் ஆச்சரியமில்லை. சந்தேகமிருந்தால், அடுத்த முறை வரும்போது சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் அடுப்பைப் பற்றவைத்துப் பார். சுடர் பாத்திரத்துக்கு அடியில் நிற்காமல் பக்கவாட்டில் ஓடும். பர்னரின் தலை குழிந்து, சுற்றிலும் விளிம்பு உயர்ந்திருந்தால் காற்றைத் தாங்கும். தலை சின்னதாக, மொட்டையாக இருந்தால் தாங்காது. நீ வட்டம் போட்ட அந்த 25 கிராம் அடுப்பு இரண்டாவது ரகம். அதன் மெல்லிய டைட்டானியக் கால்கள் முழுத் தீயில் பழுத்து, பெரிய பாத்திரத்தின் பாரத்தில் வளையவும் கூடும். தனியாளாக, அரை லிட்டர் கொதிக்கவைத்து இறக்குவதற்கு அது போதும். இரண்டு பேர் சமையலுக்குப் போதாது.

காற்றை மறைக்கிறேன் என்று தகரத் தடுப்பை டப்பாவையும் சேர்த்துச் சுற்றி வைத்துவிடாதே, தம்பி. திருகு அடுப்பில் டப்பா சுடருக்கு நேர் கீழே இருக்கிறது. சுற்றிலும் அடைத்தால் சூடு கீழே தங்கி டப்பாவின் அழுத்தம் ஏறும், வெடிக்கும் அளவுக்குப் போகலாம். காற்று வரும் பக்கம் மட்டும் தடுப்போ கல்லோ வை, மற்றப் பக்கம் திறந்திருக்கட்டும். நடுநடுவே டப்பாவைத் தொட்டுப் பார். குளிர்ந்திருந்தால் சரி, வெதுவெதுப்பு வரை பரவாயில்லை. கை வைக்கச் சுட்டால் உடனே அணை. முழுக்க மறைத்துத்தான் சமைக்க வேண்டும் என்றால் டப்பா தள்ளி இருந்து, குழாயில் கேஸ் வருகிற அடுப்பு வேண்டும். அது இருநூறு கிராமை ஒட்டி வரும், தரையோடு உட்காருவதால் பாத்திரம் சாயாது. குழாய் பர்னரைத் தொட்டுப் போகிற மாடலாக இருந்தால் கடும் குளிரில் டப்பாவைத் தலைகீழாக வைத்து திரவமாகவே எடுக்கலாம். அந்தக் குழாய் இல்லாத எந்த அடுப்பிலும் டப்பாவைக் கவிழ்க்கக் கூடாது, சுடர் ஆள் உயரத்துக்கு எழும்பும்.

370 கிராம் என்று நீ காட்டியது பாத்திரத்தோடு சேர்ந்த அடுப்பு. அடியில் மடிப்பு மடிப்பாகத் தகடு ஒட்டியிருக்கிறதே, அது சூட்டைப் பிடித்துத் தண்ணீருக்குக் கொடுக்கும். கேஸ் குறைவாகச் செலவாகும், காற்றையும் தாங்கும். ஆனால் அது வெந்நீர் போடுகிற சாமான். ரவையைக் கிளறினால் அடியில் பிடிக்கும், தீயைச் சன்னமாக்கினால் பலவற்றில் அணைந்தே போகும். பாக்கெட் சாப்பாட்டில் வெந்நீர் ஊற்றிச் சாப்பிடுகிறவர்களுக்குச் சரி. உன் நாக்கு எனக்குத் தெரியும், உனக்கு அது ஒத்துவராது.

என்னைக் கேட்டால் அந்த 73 கிராம்தான், கால் மூன்றும் நன்றாக விரிகிற வகை. பாத்திரம் ஒன்றரை லிட்டர், அகலமாக, தட்டை அடியாக, மூடியோடு. உருண்டை அடிக் குண்டான் காலில் நிற்காது, வழுக்கும். சுடர் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி ஏறினால் அந்தக் கேஸ் வீண், அடிப்பகுதிக்குள் நிற்கிற அளவுக்குத் திருகைக் குறை.

மற்ற எரிபொருள்களையும் கேட்டிருந்தாய். ஸ்பிரிட் அடுப்பு காலி டின்னிலேயே செய்துவிடலாம், எடையே இல்லை. ஆனால் கிராமுக்கு கிராம் பார்த்தால் கேஸில் இருக்கும் சூட்டில் அறுபது சதவீதம்கூட ஸ்பிரிட்டில் இல்லை. பகலில் சுடர் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மேலே ஊற்றினால் தீ பாட்டிலுக்கே ஏறும். அதோடு, கடையில் விற்கிற ஸ்பிரிட்டில் மெத்தனால் இருந்தால் அது விஷம். 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் உயிர்களைக் குடித்தது அதுதான். தண்ணீர் போலவே இருக்கும் ஒன்றைத் தண்ணீர் பாட்டிலோடு ஒரே பையில் வைப்பது எனக்குச் சம்மதமில்லை. மாத்திரை போல வரும் கட்டி எரிபொருள் பாத்திரத்தில் பிசின் மாதிரி கரி பிடிக்கவைக்கும், தீயைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அவசரத்துக்கு நாலு கட்டி வைத்துக்கொள், அதற்கு மேல் வேண்டாம்.

மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊற்றும் பம்ப் அடுப்பு எந்தக் குளிரிலும் எரியும். லடாக்கில் பத்துப் பதினைந்து நாள் சுற்றுகிறவர்களுக்கு அதுதான். ஆனால் அதற்குக் கை பழக வேண்டும். பர்னரை முதலில் நன்றாகச் சூடேற்றாவிட்டால் எண்ணெய் ஆவியாகாமல் திரவமாகவே பீய்ச்சி, மஞ்சளாகக் கொழுந்துவிட்டு எரியும். பம்ப் வாஷர் காய்ந்தால் காற்றுப் பிடிக்காது, இரண்டு சொட்டு எண்ணெய் விட வேண்டும். நிப்பிள் அடைத்தால் பின் போட வேண்டும். நாலு இரவுக்கு இந்த வம்பு எதற்கு?

அடுப்பு வந்ததும் அறையில் இல்லாமல் மொட்டை மாடியில் மாட்டிப் பழகு. முதலில் அடுப்பின் திருகை முழுக்க மூடு. டப்பாவைத் தரையில் நேராக நிறுத்தி, அடுப்பை மேலிருந்து மரை கோணலாக ஏறாமல் பார்த்துத் திருகு. உட்காரும்போது ஒரு நொடி புஸ்ஸென்று சத்தம் வரும், அது சகஜம். நின்ற பிறகும் சத்தம் வந்தால் கழற்றிவிடு. கை இறுக்கம் போதும், இடுக்கி போட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் நசுங்கும். அந்த வளையத்தைப் பார்த்துக்கொள். வெடிப்போ மணலோ இருந்தால் கேஸ் அங்கேதான் கசியும். இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவு, குமிழி வரக் கூடாது. குச்சியைப் பற்றவைத்துப் பர்னர் அருகே பிடித்துக்கொண்டு அதன் பிறகு திருகைத் திற. அடுப்பிலேயே இருக்கும் பொறி பட்டனை நம்பாதே, உயரத்திலும் ஈரத்திலும் அது முதலில் கைவிடும். சுடர் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாகிக் கரி பிடித்தால் காற்றுத் துளையிலோ ஜெட்டிலோ பொங்கி வழிந்தது அடைத்திருக்கிறது. ஊக்கை விட்டுக் குத்தாதே, துளை பெரிதாகிவிடும்.

குளிர் இரவில் டப்பாவைத் தூங்கும் பைக்குள் காலடியில் வைத்துக்கொள். காலையிலும் சுடர் சோர்ந்தால் ஒரு தட்டில் ஊற்றுத் தண்ணீரை இரண்டு விரல்கடை ஊற்றி டப்பாவை அதில் நிறுத்து. உறைந்த காற்றைவிட அந்தத் தண்ணீர் சூடானது, அதுவே போதும். நெருப்பில் காட்டுவதோ கொதிநீரில் வைப்பதோ கூடாது. கலவையில் புரொப்பேன் முன்னால் தீர்ந்துபோகும் என்பதால் பாதி தீர்ந்த டப்பா குளிரில் மந்தமாகத்தான் எரியும். அதை மாலைக்கு வைத்துக்கொண்டு, விடியற்காலையில் புதியதை எடு. கூடாரத்துக்குள் மட்டும் எந்தக் காரணத்துக்கும் பற்றவைக்காதே. தீப்பிடிப்பது ஒரு பக்கம், கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாடை கிடையாது, தூக்கம் வருவது போலவே இருக்கும்.

88 டிகிரியில் பருப்பு வேகாது, அரிசியும் நறுக்கென்றே நிற்கும். ரவையை நெய்யில் வறுத்து, தாளித்த சாமானையும் உப்பையும் கலந்து பொட்டலமாக அனுப்புகிறேன். ஒரு டம்ளர் பொட்டலத்துக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர். கொதித்ததும் கொட்டிக் கிளறி ஒரு நிமிஷத்தில் அணைத்து, மூடி, துண்டில் சுற்றிப் பத்து நிமிஷம் வை. மீதியை அந்தச் சூடே பார்த்துக்கொள்ளும், கேஸ் மிச்சம். அவலுக்கு அடுப்பே அவ்வளவாக வேண்டாம்.

திரும்பும்போது மிச்சக் கேஸை வீணாக்க மனமில்லாமல் ரயிலில் ஊருக்குக் கொண்டுவந்துவிடாதே. 1989 ரயில்வே சட்டம் 164ஆவது பிரிவுப்படி மூன்று வருஷம் வரை சிறை. சட்டத்தை விடு, 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்ற சுற்றுலா ரயில் பெட்டி எரிந்து ஒன்பது பேர் போனது உள்ளே கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால்தான். மீதியை டேராடூன் கடையிலோ மலையேறப் போகிற வேறு யாருக்கோ கொடுத்துவிடு. காலி டப்பாவை மலையில் போடாமல் கீழே கொண்டுவா. வீட்டு சிலிண்டரிலிருந்து இதை நிரப்பித் தருகிறேன் என்று எவனாவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதே, இந்த மெல்லிய தகரமும் வால்வும் திரும்ப நிரப்புவதற்காகச் செய்தவை அல்ல.

நம் பக்கத்துக் காடுகளுக்கு இந்த அடுப்பை எடுத்துப்போகலாமா என்று கேட்காமலே சொல்கிறேன், வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததற்குப் பிறகு வனத்துறை எவ்வளவு கெடுபிடியாக இருந்தாலும் நியாயம்தான். அங்கெல்லாம் கட்டுச்சோறு கொண்டுபோ.

அடுப்பை இந்த வாரமே வாங்கிவிடு, பழக நாள் வேண்டும். டேராடூனில் டப்பா எடுக்கும்போது காசு கொடுப்பதற்கு முன்னால் கலவை எழுதியிருக்கும் பக்கத்தையும் மரையையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. கடையில் நின்றபடியே பதில் வந்துவிடும்.

அன்புடன்,
அம்மா