தெருக் குடியிருப்போர் நலச் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, தெருவின் பெரியோர்களே, தாய்மார்களே! அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும், மரியே வாழ்க. மூன்றையும் சொல்லாமல் மைக்கைப் பிடித்தால் பின்வரிசையிலிருந்து குரல் வரும் என்பது எனக்குத் தெரியும்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய உள்ள அறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். இவ்வாண்டு நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்குத் தொடக்கத்திலேயே எழுந்து நின்று அஞ்சலி செலுத்திவிட்டோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். தெருவிளக்குகள் எரிகின்றன. கீழக்கோடி வடிகால் தூர் வாரியாகிவிட்டது, மேலக்கோடியில் வேலை பாதியில் நிற்கிறது, மனு கொடுத்திருக்கிறோம். நாய்த் தொல்லை பற்றிப் பேச விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் துணைச் செயலாளரைப் பார்க்கவும்.

அறிக்கையில் அதிக இடம் பிடிப்பது செப்டம்பர் மாதம். காலண்டரே நம்மைச் சோதித்த மாதம் அது. ஆகஸ்ட் 29ஆம் தேதி வேளாங்கண்ணியில் கொடி ஏறியது. செப்டம்பர் 7 சனிக்கிழமை விநாயகர் சதுர்த்தி, அன்று இரவே மாதாவின் பெரிய தேர். மறுநாள் திருவிழா. 17ஆம் தேதி மீலாது நபி. நாகை – நாகூர் சாலையை ஒட்டிக் குடியிருக்கிற நமக்கு இது என்ன பாடு என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னாலும் புரியாது. வடக்கேயிருந்து நடந்து வருகிறவர்கள் பலரும் நம் தெருமுனையைத் தாண்டித்தான் வேளாங்கண்ணி போக வேண்டும். காவி உடுத்தி, சின்னச் சப்பரத்தில் மாதாவை வைத்து இழுத்துக்கொண்டு, கொப்புளம் வெடித்த காலோடு வருகிறார்கள். மோர்ப்பந்தலில் உட்காரவைத்து விசாரித்தால் அவர்களில் பலர் இந்துக்கள். பிள்ளை பிறந்ததற்கு வேண்டுதல், கடன் தீர்ந்ததற்கு வேண்டுதல். பந்தல் போடுவது வழக்கம்போலப் பிள்ளையார் கோயில் பையன்கள். மோருக்கு ஐஸ் பள்ளிவாசல் தெரு மீன் வியாபாரிகள் கொடுத்தது. (மோரில் மீன் வாடை அடித்ததாக வந்த புகாரை விசாரித்தோம். அடிக்கவில்லை.)

8ஆம் தேதி ஞாயிறு மாலை நம் தெருப் பிள்ளையார் கடலுக்குப் புறப்பாடு. வழியில் பள்ளிவாசல். ஆகஸ்டிலேயே மூன்று தரப்பையும் கூப்பிட்டு உட்கார்ந்தோம். இளைஞர் ஒருவர் எழுந்து, “நாங்க மட்டும் ஏன் மேளத்த நிறுத்தணும்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சட்டமும் அவர் பக்கம் இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் வி.களத்தூர் கோயில் ஊர்வல வழக்கில் 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: ஒரு பகுதியில் ஒரு மதத்தார் அதிகம் என்பதற்காக இன்னொரு மதத்தாரின் திருவிழாவையோ ஊர்வலத்தையோ அங்கே தடுக்க முடியாது. இது எல்லா மதத்தாருக்கும் பொருந்தும். ஆனால் தீர்ப்பு நகலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெருவில் நடக்க ஆரம்பித்தால் பிறகு தெருவில் வேறு எதற்கும் பேச்சுவார்த்தை இருக்காது என்பது என் கருத்து.

ஜமாஅத் சார்பில் வந்திருந்த மூத்த நானா அந்த இளைஞரைப் பார்த்துச் சொன்னதை அப்படியே நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். “நிறுத்தச் சொல்லி யாரு தம்பி கேட்டா? எத்தன மணிக்கு வர்றீங்கன்னு சொல்லுங்க, போதும். மஃரிபுத் தொழுகைக்குப் பத்து நிமிஷம். அதுக்கு முந்தி வந்தீங்கன்னா நாங்களே வாசல்ல நின்னு வழியனுப்புறோம்.” ஐந்தரை மணிக்குப் பள்ளிவாசலைத் தாண்டுவது என்று முடிவாயிற்று.

ஊர்வலம் சொன்ன நேரத்துக்கு வந்ததாக இந்தத் தெருவின் சரித்திரத்திலேயே கிடையாது. அன்றும் வரவில்லை. டிராக்டர் மதகடிக்கு வரும்போது பாங்கு சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. மேளக்காரர் தானாகவே மேளத்தை இறக்கித் தரையில் வைத்தார், பையன்கள் மதகுச் சுவரில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசல் பக்கத்துப் பெட்டிக்கடையிலிருந்து பன்னீர் சோடா ஒரு கிரேட் வந்து இறங்கியது. தொழுகை முடிந்து வெளியே வந்தவர்கள் பாதையை விட்டு ஒதுங்கி நிற்க, மேளம் முன்னைவிடப் பலமாகவே அடித்தது. அந்த சோடாவுக்கு யார் காசு கொடுத்தது என்பது இன்றுவரை தெரியவில்லை. சங்கக் கணக்கில் இல்லை.

17ஆம் தேதி மீலாது ஊர்வலத்துக்கு அதே நடைமுறை. புறப்படும் நேரம், வரும் வழி, முடியும் இடம் மூன்றையும் எழுதிக் கோயிலிலும் மாதாவின் சிற்றாலயமான கெபியிலும் கொடுத்தார்கள். அன்று சாயரட்சை பூஜையைக் குருக்கள் சற்று முன்கூட்டியே முடித்துக்கொண்டார். இந்த ஒரு தாள் வழக்கம் நின்றுபோகக் கூடாது என்பதற்காக அதைத் தீர்மானமாகவே நிறைவேற்றியிருக்கிறோம். காவல் நிலைய அனுமதி வேறு, பக்கத்து வீட்டுக்குச் சொல்வது வேறு. அனுமதி வாங்கியாயிற்றே என்று சொல்லாமல் செய்வதில்தான் பெரும்பாலான மனத்தாங்கல் ஆரம்பிக்கிறது.

அடுத்தது ஒலிபெருக்கி. மார்கழிக்கு முன் பிளஸ் டூ படிக்கும் மாணவி ஒருவர் சங்கத்துக்கு எழுதிய கடிதத்தில் இப்படி ஒரு வரி இருந்தது: “எல்லாச் சாமியும் எங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்தே பேசுகிறது.” போய்ப் பார்த்தோம். உண்மைதான். கோயில் கூம்பு, பள்ளிவாசல் கூம்பு, சனிக்கிழமை நவநாளுக்கு கெபியில் கட்டும் கூம்பு மூன்றுமே அந்த ஜன்னலுக்கு நேர். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்கின்றன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது அளவு. விதியை நூல் பிடித்தால் மார்கழித் திருப்பாவையும் தப்பாது, அதிகாலைச் சுபுஹு தொழுகைப் பாங்கும் தப்பாது. ஆகவே யாரும் யார் மேலும் புகார் கொடுப்பதில்லை, அதற்குப் பதில் கூம்புகளை இறக்கிவிட்டுச் சுற்றுச்சுவருக்குள் கேட்கும்படி பெட்டி ஸ்பீக்கர் வைப்பது என்று பேசினோம். பேச்சு எளிதாக இல்லை. “அவங்க இறக்கட்டும், நாங்க இறக்குறோம்” என்று மூன்று இடத்திலும் ஒரே வசனம். கடைசியில் ஒரே நாளில், ஒரே எலக்ட்ரீஷியனை வைத்து, ஒரே ஏணியில் ஏறி இறக்கினோம். இரண்டு இறங்கின. மூன்றாவது இன்னும் கம்பத்தில்தான் இருக்கிறது, ஆனால் திசை மாற்றியாயிற்று. எது என்று இங்கே சொல்லப்போவதில்லை.

பாத்திரப் பிரச்சினைக்கு வருகிறேன். சங்கத்தின் அண்டா, தேக்சா, சட்டுவம், ஜல்லிக்கரண்டி எல்லாம் கல்யாணம் காட்சிக்கு வாடகைக்குப் போவது தெரிந்ததே. பிரியாணி ஆக்கிய தேக்சாவில் கோயில் அன்னதானத்துக்குச் சாம்பார் வைக்கக் கூடாது என்று ஆட்சேபம் எழுந்தது. ஆட்சேபித்த நண்பர் தம் பேரன் காதுகுத்துக்கு அதே தேக்சாவில் கிடாக்கறி ஆக்கியவர் என்பதைப் பொருளாளர் ரசீதோடு சுட்டிக்காட்ட, அன்றைய கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. மறுகூட்டத்தில் இரண்டு செட்டாகப் பிரிப்பது என்று முடிவு. சைவச் சமையலுக்கானவற்றில் பச்சைப் பெயின்டில் புள்ளி வைத்தோம், கடையில் விற்கும் பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கிறதே, அதைப் பார்த்துத்தான். வைத்த மறுவாரமே பச்சைப் புள்ளி என்றால் பாய்மார் பாத்திரம் என்று ஊரில் பரவிவிட்டது. அன்னதானத்துக்கு எடுக்க வந்தவர்கள் புள்ளி இல்லாததைத் தேடித்தேடி எடுத்துப் போனார்கள். அதாவது பிரியாணி தேக்சாவை! இப்போது பெயின்டைச் சுரண்டிவிட்டு, பாத்திரக்கடையில் கொடுத்து 1, 2 என்று எண் வெட்டியிருக்கிறோம். 1 சைவத்துக்கு. தயவு செய்து மறக்க வேண்டாம்.

நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலை ஒட்டிய மழை. அது ஓய்ந்த கையோடு டிசம்பர் 2ஆம் தேதி நாகூர் ஆண்டவர் தர்காவில் 468ஆவது கந்தூரி விழாவுக்குக் கொடியேற்றம். 11ஆம் தேதி இரவு நாகையில் அபிராமி அம்மன் திருவாசலிலிருந்து சந்தனக்கூடு என்னும் அலங்கார ரதம் புறப்பட்டது. அம்மன் வாசலில் புறப்பட்டு ஆண்டவர் வாசலில் முடியும் ஊர்வலம் என்று வெளியூர் நண்பர்கள் ஆச்சரியப்படுவார்கள். நமக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை, கூடு கம்பியில் இடிக்காமல் போக வேண்டுமே என்ற கவலைதான். வழக்கம்போல மின்சாரத்தை நிறுத்தியதும் தெரு இருண்டது. இரண்டு நாள் கழித்து 13ஆம் தேதி கார்த்திகை தீபம் என்பதால் அகல்கள் வீடுகளில் கழுவிக் காயவைத்து இருந்தன. நம் தெருப் பெண்கள் அவற்றை எடுத்து வந்து திண்ணைகளில் ஏற்றினார்கள். தூறலில் பாதி அணைந்தது. அணைந்ததை எதிர்வீட்டு ஆச்சிமா தீப்பெட்டியோடு நடந்து நடந்து மறுபடி ஏற்றினார். இதற்குத் தீர்மானம் எதுவும் போடவில்லை, நிர்வாகக் குழுவுக்கு முன்கூட்டித் தெரியவும் தெரியாது.

டிசம்பர் 26 சுனாமியின் 20ஆம் ஆண்டு. 2004இல் இந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். அது ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வேளாங்கண்ணியில் கூட்டம். அப்போது நாகூர் தர்கா தரப்பில் இடம் கொடுத்து எந்த மதம் என்று பாராமல் அடக்கம் செய்ததைப் பார்த்தவர்கள் இந்த அரங்கில் பலர் இருக்கிறார்கள். கடற்கரையில் பூத் தூவினோம். பேச்சு யாரும் பேசவில்லை, பேசச் சொல்லவும் இல்லை.

குடியரசு தினத்தன்று பிள்ளைகளை ஊர் பார்க்க அழைத்துப் போனோம். காயாரோகணசுவாமி நீலாயதாட்சி அம்மன் கோயில், பிறகு தர்கா. ஐந்து மினாராக்களில் பெரியதைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் என்று சொன்னபோது ஒரு பையன், “அவர் இந்துதானே?” என்றான். ஆமாம் என்றோம். சூடாமணி விகாரத்தைப் பற்றியும் சொன்னோம். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய அந்தப் பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக, அதாவது சமணபௌத்தப் பள்ளிகளுக்கு விடும் நிலக்கொடையாகக் கொடுத்தவர் முதலாம் இராஜராஜன், பெரிய கோயிலைக் கட்டிய அதே சிவபாதசேகரன். அந்தக் கொடையைச் சொல்லும் செப்பேடுகள் பின்னாளில் நெதர்லாந்தின் லெய்டன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. விகாரத்தின் எஞ்சிய கோபுரத்தை 1867இல் இயேசு சபையினர் இடித்துவிட்டார்கள். இதைப் பிள்ளைகளிடம் சொல்லத்தான் வேண்டுமா என்று நிர்வாகி ஒருவர் கேட்டார். சொல்ல வேண்டும் என்றவர் நமது துணைத் தலைவர், அவர் கத்தோலிக்கர். கொடுத்ததை மட்டும் சொல்லி இடித்ததை மறைத்தால் பிள்ளைகள் வேறு எங்காவது கேள்விப்பட்டு வந்து நம்மையே நம்பமாட்டார்கள் என்றார்.

மார்ச்சில் நோன்புக் கஞ்சி. பள்ளிவாசல்களுக்கு அரசு தரும் பச்சரிசியில் காய்ச்சுவது. நம் பள்ளிவாசலில் கறி போடாத கஞ்சி தனி அண்டாவில். தூக்குவாளியோடு வரிசையில் நிற்பவர்களில் நோன்பாளிகள் எத்தனை பேர் என்று எண்ண ஆரம்பித்தால் அடியேனும் மாட்டிக்கொள்வேன்.

வசதியான நண்பர் ஒருவர் தாமே முழுச் செலவையும் ஏற்று ‘மத நல்லிணக்க மாநாடு’ நடத்த முன்வந்தார். மேடையில் மூன்று மதப் பெரியவர்கள், புறா பறக்கவிடுதல், ஃபிளெக்ஸ் பேனர். குழு நன்றி சொல்லி மறுத்தது. அந்தப் பணத்தை மேலக்கோடி வடிகாலுக்குத் தரலாமே என்று கேட்டோம், அவர் தரவில்லை. மூன்று மதத்தார் வீட்டுச் சாக்கடையும் அதில்தான் ஓடுகிறது.

நல்லதை மட்டும் எழுதி முடிக்க மனம் வரவில்லை. பிப்ரவரியில் ஒரு வீட்டை வாடகைக்குக் கேட்டு வந்த குடும்பத்துக்கு, முன்பணம் பேசி முடித்தபின், பெயர் தெரிந்ததும் வீடு இல்லை என்றார்கள். ‘சைவம் மட்டும்’ என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. அதே வீட்டில் முன்பு இருந்தவர்கள் ஞாயிறுதோறும் கோழி அடித்தது தெருவுக்கே தெரியும். தலைவரும் நானும் போய்ப் பேசினோம். வீட்டுக்காரர் மரியாதையாகக் காப்பி கொடுத்தார், வீடு கொடுக்கவில்லை. சங்கத்துக்கு இதில் அதிகாரம் கிடையாது. அந்தக் குடும்பம் இப்போது நாகூரில் இருக்கிறது. மோர்ப்பந்தலுக்கும் சந்தனக்கூட்டுக்கும் மகிழ்கிற நாம் வாடகைச் சீட்டு என்று வரும்போது வேறு ஆளாகிவிடுகிறோம். இது குறித்துப் பொதுக்குழு பேச வேண்டும் என்று நிகழ்ச்சிநிரலில் ஐந்தாவது பொருளாகச் சேர்த்திருக்கிறேன். வீட்டுக்காரரும் வந்திருக்கிறார். அவருக்கும் பேச நேரம் உண்டு, யாரும் குறுக்கிட வேண்டாம்.

வரும் 2025–26ஆம் ஆண்டின் தேதிகள்: ஜூன் முதல் வாரம் பக்ரீத். ஆகஸ்ட் 27 விநாயகர் சதுர்த்தி, 29 வேளாங்கண்ணிக் கொடியேற்றம், செப்டம்பர் முதல் வாரம் பிறையைப் பொறுத்து மீலாது, 8 மாதா திருவிழா. பக்ரீத் தவிர எல்லாம் இரண்டு வாரத்துக்குள். ஆகவே நேரத் தாள்கள் ஆகஸ்ட் 10க்குள் என் கைக்கு வர வேண்டும். ஊர்வலக் குழுவினர் எழுதும் நேரத்தோடு அரைமணி கூட்டியே நான் மற்றவர்களுக்குச் சொல்லப்போகிறேன், கோபிக்க வேண்டாம். எண் 2 வெட்டிய பெரிய தேக்சா ஒன்று பொங்கலிலிருந்து திரும்பவில்லை. எடுத்துப் போனவர் யாராயிருந்தாலும் கழுவிக் கொண்டுவந்து சேர்க்கவும்.

இங்ஙனம்,
செயலாளர்